ஆஸ்பத்திரி பில்லும் கடன் ஆப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வேலை பார்க்கும் என்னிடம் முன்பெல்லாம் 'இந்தக் கார்டு இங்க செல்லுமா?' என்று மட்டும்தான் கேட்பார்கள். இப்போது போனை நீட்டி, 'இதுல லோன் தர்றாங்களாமே, எடுக்கலாமா?' என்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே கீழே எழுதி, பதிலும் சொல்லியிருக்கிறேன். எல்லாம் இந்திய நிலவரம். தமிழ்நாட்டுக்குத் தனி ஏற்பாடு இருக்கிற இடத்தில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

ஃபின்டெக்னா ஜிபே மாதிரிதானே? அதுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம்?

தொழில்நுட்பம் வழியாகப் பணச் சேவை தரும் நிறுவனங்களைத்தான் ஃபின்டெக் என்கிறார்கள். ஜிபேயும் அதில் ஒன்றுதான். ஆனால் மருத்துவச் செலவு என்று வரும்போது இந்தப் புது நிறுவனங்கள் செய்கிற வேலை வேறு. சிலர் சிகிச்சைக்குக் கடன் ஏற்பாடு செய்கிறார்கள். சிலர் ஆஸ்பத்திரிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நடுவே ஓடும் கிளெய்ம் காகிதத்தைக் கணினிக்குள் கொண்டுவருகிறார்கள். சிலர் மாதச் சந்தாவில் டாக்டர் ஆலோசனை, பரிசோதனை என்று தொகுத்து விற்கிறார்கள். இன்னும் சிலர் ஊர் முழுக்க நன்கொடை திரட்ட மேடை போட்டுத் தருகிறார்கள்.

இவர்களில் யாரும் ஆபரேஷனின் விலையைக் குறைப்பதில்லை. பணம் எப்போது, எந்த வழியாக வருகிறது என்பதைத்தான் மாற்றுகிறார்கள். அது சின்ன உதவி இல்லை. அதைத் தாண்டி எதிர்பார்த்தால்தான் ஏமாற்றம்.

இன்சூரன்ஸ் இருக்கு, அரசுக் காப்பீடு இருக்கு. அப்புறம் இவங்க எதுக்கு?

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுப்பது 2013-14இல் 64.2 சதவீதம். 2021-22இல் அது 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. இது ஒன்றிய அரசின் தேசிய சுகாதாரக் கணக்கு சொல்வது. குறைந்தது நல்லதுதான், ஆனாலும் நூறு ரூபாயில் கிட்டத்தட்ட நாற்பது ரூபாய் இன்னும் நம் பையிலிருந்துதான் போகிறது.

அந்த நாற்பதில் இரண்டு பெரிய ஓட்டைகள் தெரியும். ஒன்று, படுக்கையில் சேராமல் ஆகும் செலவு: டாக்டர் ஃபீஸ், ஸ்கேன், மாதா மாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரை. சாதாரண பாலிசி இதைத் தொடாது. இன்னொன்று, பாலிசியில் பெரும்பாலும் சேராத சிகிச்சைகள்: கருத்தரிப்பு சிகிச்சை, பல், கண்ணாடியைக் கழற்றுவதற்கான லேசர் போன்றவை. கடன் தரும் நிறுவனங்கள் இந்த இரண்டாவது ஓட்டையில்தான் அதிகம் கடை விரித்திருக்கின்றன. திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சை, பில் முன்கூட்டியே தெரியும், ஆஸ்பத்திரியும் கழிவு தரும். கூலி வேலை செய்பவரின் டயாலிசிஸுக்கு அதே ஆர்வத்தோடு யாரும் வரிசையில் நிற்பதில்லை.

ஆஸ்பத்திரி ரிசப்ஷன்லயே ஒருத்தர் டேப் வச்சுக்கிட்டு லோன் போட்டுத் தர்றாரே, அவர் பேங்க் ஆளா?

பெரும்பாலும் இல்லை. அவர் ஒரு ஆப் நிறுவனத்தின் ஆள், அல்லது ஆஸ்பத்திரியே அந்த வேலைக்கு உட்கார வைத்த ஊழியர். ஆப் நிறுவனம் இடைத்தரகர் மாதிரி. விண்ணப்பம் வாங்கும், ஆதார், பான் சரிபார்க்கும், மதிப்பிடும். உண்மையில் பணம் கொடுப்பது பின்னால் இருக்கும் ஒரு வங்கியோ, ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனமோதான். கடன் அவர்கள் கணக்கில்தான் நிற்கும், உங்கள் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபிலில் அவர்கள் பெயர்தான் வரும்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது, 'கடன் கொடுப்பது யார்?' டிஜிட்டல் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதிகள் கொண்டுவந்தது, 2025 மே மாதம் அவற்றை ஒன்றாகத் தொகுத்தது. அதன்படி கடன் தருபவரின் பெயரை மறைக்கக் கூடாது. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்த ஆண்டு விகிதத்தை, முக்கிய விவர அறிக்கை என்ற தாளில் கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். 2025 ஜூலை முதல் கடன் ஆப்களின் பட்டியலும் ரிசர்வ் வங்கியின் தளத்தில் இருக்கிறது. டேப்பில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னால், அந்த விவரத் தாளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடலாம்.

'நோ காஸ்ட் இஎம்ஐ'ன்னு போட்டிருக்கு. அப்ப வட்டியே கிடையாதா?

வட்டி இருக்கிறது. யார் கட்டுகிறார் என்பதுதான் விஷயம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆபரேஷன் பில் 1,20,000 ரூபாய். மாதம் 10,000 வீதம் 12 தவணை, வட்டி இல்லை என்கிறார்கள். கடன் கொடுப்பவர் ஆஸ்பத்திரிக்கு 1,20,000 முழுதாகக் கொடுக்க மாட்டார். பேசிவைத்த ஒரு கழிவைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார். அந்தக் கழிவுதான் அவருக்கு வட்டி. உங்களிடம் தனியாகச் செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று 2,832 ரூபாய் வாங்குவார். இந்தக் கட்டணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆண்டு விகிதம் நாலரை சதவீதத்தைத் தாண்டாது. உண்மையிலேயே மலிவுதான்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அதே ஆபரேஷனுக்கு முழுப் பணத்தையும் இன்றே கட்டினால் எவ்வளவு? பல இடங்களில் பேக்கேஜ் விலையில் பேச இடம் உண்டு. பில்லிங் மேனேஜரைப் பார்த்துக் கேட்டால் 1,10,000 ரூபாய்க்கு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நீங்கள் கடனாக வாங்குவது 1,20,000 ரூபாய் மதிப்புள்ள சிகிச்சை இல்லை, 1,10,000 ரூபாய் மதிப்புள்ளது. திருப்பிக் கட்டுவது 1,22,832. ஆண்டு வட்டியாக மாற்றினால் 21 சதவீதத்துக்குச் சற்று மேலே போகிறது. விளம்பரத்தில் பூஜ்யம், கணக்கில் 21. இரண்டுமே பொய் இல்லை, எந்த விலையிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

ஆகவே இஎம்ஐ என்ற வார்த்தையை எடுப்பதற்கு முன்பே முழுப் பணத்துக்கான விலையைக் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். தவணை வேண்டும் என்று சொன்ன பிறகு பேரம் பேச இடமிருக்காது. கடன் கார்டில் போடும் இஎம்ஐ என்றால் வட்டிப் பகுதிக்கும் ஜிஎஸ்டி உண்டு, அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

எனக்குச் சம்பளச் சீட்டும் இல்ல, சிபிலும் இல்ல. காய்கறிக் கடை வச்சிருக்கேன். லோன் கிடைக்குமா?

முன்பு கிடைக்காது என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். இந்த நிறுவனங்கள் உண்மையாகவே புதிதாக ஏதாவது செய்தார்கள் என்றால் அது இங்கேதான். 2011இல் மும்பையில் தொடங்கிய ஆரோக்யா ஃபைனான்ஸ், வருமானச் சான்று காட்ட முடியாதவர்களின் குணத்தையும் பழக்கத்தையும் அறியும் கேள்வித்தாளை வைத்துக் கடன் கொடுக்க முயன்றது. நோயாளியைத் திருப்பிக் கட்டக்கூடிய குடும்பமாகப் பார்க்க வேண்டும், வெறும் சம்பளச் சீட்டாகப் பார்க்கக் கூடாது என்பதே அதன் அடிப்படை. இப்போது வேறு வழிகளும் வந்துவிட்டன. உங்கள் கடை க்யூஆர் கோடில் தினமும் விழும் தொகை வங்கிக் கணக்கில் பதிவாகிறது. 2021 முதல் நடப்பில் இருக்கும் அக்கவுன்ட் அக்ரிகேட்டர் ஏற்பாட்டின் வழியாக, உங்கள் சம்மதத்தோடு அந்தக் கணக்கு விவரத்தைக் கடன் கொடுப்பவர் பார்க்கலாம். ஜெராக்ஸ் கட்டு தேவைப்படாது.

சரி, கிடைக்கும் என்பதற்காக மலிவாகக் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. பழைய கடன் வரலாறு இல்லாதவருக்கு வட்டி கூடுதலாகவும் தொகை குறைவாகவும்தான் வரும். மகனோ மகளோ சம்பளத்தில் இருந்தால் அவரைக் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்க்கச் சொல்வார்கள். அதன் விளைவு என்ன என்பதைக் கடைசிக்கு முந்தைய கேள்வியில் பாருங்கள்.

வீட்டுல நகை இருக்கு. அதை வைக்கலாமா, ஆப்புல வாங்கலாமா?

கணக்கு மட்டும் பார்த்தால் நகையை வங்கியில் வையுங்கள். நகைக்கடனுக்கு ஈடு இருப்பதால் வட்டி பெரும்பாலும் ஈடில்லாத ஆப் கடனைவிடக் குறைவு. சிபில் பெரிதாகக் குறுக்கே வராது, கையில் பணம் வந்தபோது அடைத்து மீட்கலாம். தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரி பில்லை இத்தனை காலம் தாங்கியது நகைதான், எந்த ஆப்பும் இல்லை.

ஆப் கடனுக்கு இடம் எங்கே என்றால், நகை ஏற்கெனவே அடகில் இருக்கும் வீட்டில். அல்லது மேலே சொன்ன கணக்கில் முழுப் பணத்துக்கும் தவணைக்கும் விலை ஒன்றேதான் என்று தெரிந்த பிறகு. அப்போது வட்டியில்லாத் தவணை நிஜமாகவே லாபம், நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

கேஷ்லெஸ்னு சொன்னாங்க. அப்புறம் ஏன் அட்வான்ஸ் கட்டச் சொல்றீங்க? டிஸ்சார்ஜுக்கு ஏன் சாயங்காலம் வரை உட்கார வைக்கிறீங்க?

என்னிடம் கோபமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேஷ்லெஸ் என்றால் பில்லைக் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டுவதுதான், ஆகவே கேட்பவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. காலையில் டாக்டர் ரவுண்ட்ஸில் 'வீட்டுக்குப் போகலாம்' என்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகி, மருந்துக் கணக்கு முடிந்து, இறுதி பில் வரவே மதியம் ஆகிவிடும். அதை நாங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கிளெய்மைக் கவனிக்கும் இடை நிறுவனமான டிபிஏவின் தளத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி தளம், தனித்தனி பாஸ்வேர்ட். எங்கள் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டுகளே அதற்குச் சாட்சி. ஏற்றிய பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு 'குவெரி' வரும்: 'முதன்முதலில் ரத்த அழுத்தம் கண்டறியப்பட்ட தேதியைத் தெரிவிக்கவும்.' டாக்டர் அப்போது தியேட்டரில் இருப்பார்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே 29 அன்று வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் அனுமதி கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதி மூன்று மணி நேரத்துக்குள் வர வேண்டும். அதைத் தாண்டி ஆஸ்பத்திரி கூடுதலாக வசூலிக்கும் தொகை இன்சூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு. ஆனால் அந்த மூன்று மணி நேரம் நாங்கள் பில்லை அனுப்பியதிலிருந்துதான் ஓடத் தொடங்கும், டாக்டர் சொன்ன நேரத்திலிருந்து இல்லை. மதியம் வரை போனது எங்கள் பக்கத் தாமதம், ஒப்புக்கொள்கிறேன்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் தேசிய சுகாதார ஆணையமும் ஐஆர்டிஏஐயும் சேர்ந்து தேசிய கிளெய்ம் பரிமாற்றத் தளத்தைக் கொண்டுவந்தன. எல்லா ஆஸ்பத்திரியும் எல்லாக் கம்பெனியும் ஒரே வடிவத்தில், ஒரே வாசல் வழியாக கிளெய்ம் அனுப்பிக்கொள்வது என்பது திட்டம். பல ஸ்டார்ட்அப்கள் செய்வது, ஆஸ்பத்திரியின் பில்லிங் மென்பொருளை அந்த வாசலோடு இணைப்பது, குவெரி வருவதற்கு முன்பே கோப்பில் என்ன குறைகிறது என்று எச்சரிப்பது. வெளியே தெரியாத வேலை. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் நோயாளிக்கு அதிகம் பயன்படப்போவது இதுதான், கடன் ஆப் இல்லை. அட்வான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன்: அனுமதி வரும் வரை பாதுகாப்புக்காகவும், பாலிசி ஏற்காத பொருட்களுக்காகவும் வாங்குகிறார்கள். ரசீது வாங்கிவையுங்கள், மிச்சம் திரும்பி வர வேண்டும்.

அஞ்சு லட்சத்துக்குப் பாலிசி. பில் மூணு லட்சம்கூட வரல. இருந்தும் அறுபத்தொன்பதாயிரம் கையிலிருந்து கட்டினேன். ஏன்?

ரூம் வாடகையைப் பாருங்கள். உங்கள் பாலிசியில் நாள் வாடகைக்கு 5,000 என்று உச்சவரம்பு. நீங்கள் எடுத்தது 8,000 ரூபாய் அறை, மூன்று நாள். வாடகை வித்தியாசம் 9,000 மட்டும்தானே என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் சர்ஜன் ஃபீஸ், தியேட்டர் கட்டணம், நர்சிங் போன்றவற்றையும் கம்பெனி அதே விகிதத்தில் (8,000க்கு 5,000), அதாவது எட்டில் ஐந்து பங்குதான் ஏற்கும். அவை 1,60,000 என்றால் கிடைப்பது ஒரு லட்சம். மீதி 60,000, கூட 9,000. மருந்து, உடலில் பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது என்பது விதி. அதை வெட்டியிருந்தால் விடாதீர்கள்.

கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளுக்குப் போகலாம், கட்டணமும் வக்கீலும் வேண்டாம். இப்படி வாதாடித் தருகிறோம் என்று சொல்லி, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கும் நிறுவனங்களும் வந்திருக்கின்றன. சிக்கலான வழக்குக்கு உதவலாம். ரூம் வாடகைக் கணக்குக்கு அவர்கள் தேவையில்லை, மேலே உள்ள பத்தியைப் பார்த்து நீங்களே எழுதலாம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துத் தர்றோம்னு ஒரு ஆப் பணம் கேக்குது. கட்டலாமா?

கட்டாதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அது இலவசம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போனால் போதும். 2018 முதல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. சந்தேகம் இருந்தால் 1800 425 3993.

கடன் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே இந்த அட்டை இருக்கிறதா என்றுதான். தகுதி இருந்தும் அட்டை எடுக்காமல், இஎம்ஐ பக்கம் போகிற குடும்பங்கள் நிறைய.

மாசம் சில நூறு ரூபா கட்டினா டாக்டர், டெஸ்ட், மருந்து எல்லாம் கவர்னு ஒரு பிளான். இது இன்சூரன்ஸா?

ஐஆர்டிஏஐ உரிமம் பெற்ற கம்பெனியின் பெயர் பாலிசித் தாளில் இருந்தால் இன்சூரன்ஸ். இல்லையென்றால் தள்ளுபடி அட்டை அல்லது உறுப்பினர் திட்டம். படுக்கையில் சேராமல் ஆகும் செலவு என்று தொடக்கத்தில் சொன்னேனே, அந்த ஓட்டையை அடைக்கத்தான் இவை வந்தன. நோக்கம் நல்லது, கணக்கு கடினம். ஆபரேஷன் எப்போதோ ஒருவருக்கு வரும், சளி காய்ச்சல் எல்லோருக்கும் வரும். எல்லோரும் பயன்படுத்தும் ஒன்றைச் சில நூறு ரூபாயில் தாங்குவது சிரமம்.

மும்பையின் கென்கோ ஹெல்த் ஓர் உதாரணம். 2019இல் தொடங்கி, டாக்டர் ஃபீஸ், மருந்து வரை சேர்த்த சந்தாத் திட்டங்களை விற்றது. இன்சூரன்ஸ் உரிமமும் புது முதலீடும் கைகூடாமல் 2024இல் மூடப்பட்டது. உரிமம் பெற்ற கம்பெனிக்குப் போதிய மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் உண்டு. சந்தா நிறுவனத்துக்கு அது கிடையாது. அதனால் ஆண்டுச் சந்தாவாக மொத்தமாகக் கட்டாமல் மாதமாகக் கட்டுங்கள், ஆஸ்பத்திரிப் பாலிசியை நிறுத்திவிட்டு இதற்கு மாறாதீர்கள்.

எங்க பட்டறையில ஒம்பது பேர்தான். குரூப் இன்சூரன்ஸ் தருவாங்களா?

தருவார்கள். பெங்களூருவின் ஆன்சூரிட்டி, ப்ளம் போன்றவை சிறு நிறுவனங்களுக்கென்றே வந்தவை. அவை விற்பது உரிமம் பெற்ற கம்பெனியின் குழுப் பாலிசியை. குழுப் பாலிசியில் பழைய நோய்களுக்கும் பெரும்பாலும் முதல் நாளே பாதுகாப்பு கிடைக்கும். தனிப் பாலிசியில் அதற்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க வைக்கலாம். வேலையை விட்டால் இது போய்விடும் என்பதைத் தொழிலாளிகளிடம் சொல்லிவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி நீக்கப்பட்டது தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு மட்டும்தான். குழுப் பாலிசிக்கு இல்லை.

மிலாப், கெட்டோவுல போட்டா பணம் வந்துடுமா?

மிலாப், கெட்டோ இரண்டும் இணையத்தில் நன்கொடை திரட்டும் மேடைகள். சிலருக்குப் பணம் வருகிறது. எஸ்எம்ஏ என்ற தசைநோய்க்கான ஊசிக்கு 16 கோடி ரூபாய் திரட்டிய குடும்பங்கள் உண்டு. ஆனால் அது அரிது என்பதால்தான் செய்தியாகிறது. நன்கொடை மேடையில் குழந்தையின் முகம் ஜெயிக்கும், அறுபது வயது ஆளின் கல்லீரல் தோற்கும். உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் இருப்பவர்களின் வசதிதான் பெரும்பாலும் உங்களுக்கு வரும் தொகையின் எல்லை.

தொடங்குவதாக இருந்தால் ஆஸ்பத்திரி லெட்டர்பேடில் மதிப்பீடு வாங்குங்கள், பணம் நேரடியாக ஆஸ்பத்திரிக் கணக்குக்குப் போகும்படி அமையுங்கள். கொடுப்பவருக்கு அதுவே நம்பிக்கை. மேடையின் கட்டணம், பணப் பரிமாற்றக் கட்டணம், விளம்பரத்துக்குத் தனியாகப் பிடிப்பது என்று மூன்றையும் கேளுங்கள். கொடுக்கிறவரின் திரையில் 'டிப்' என்று ஒரு தொகை தானாகவே தேர்வாகியிருக்கும். அது நோயாளிக்குப் போகாது, மேடைக்குப் போகும்.

ஆபா நம்பர் கேக்குறாங்க. எனக்கு சுகர்னு லோன் கொடுக்கிறவனுக்குத் தெரிஞ்சுடுமா?

இரண்டு தனிக் குழாய்கள் இருக்கின்றன. அரசு தரும் 14 இலக்க சுகாதாரக் கணக்கு எண்ணான ஆபாவின் வழியாகப் போவது மருத்துவப் பதிவு. முன்பு சொன்ன அக்கவுன்ட் அக்ரிகேட்டர் வழியாகப் போவது பணக் கணக்கு. இரண்டுக்கும் உங்கள் சம்மதம் வேண்டும். ஆபா எண்ணைக் கொடுத்ததாலேயே பழைய ரிப்போர்ட்டுகள் யாருக்கும் திறந்துவிடாது.

நடைமுறையில் கசிவது வேறு இடத்தில். கடன் விண்ணப்பத்தோடு ஆஸ்பத்திரி மதிப்பீட்டுத் தாளையும் இணைக்கிறீர்கள், அதிலேயே நோயின் பெயர் இருக்கிறது. தொகையும் சிகிச்சைப் பிரிவும் மட்டும் போட்ட மதிப்பீடு தரச் சொல்லிக் கேட்கலாம். தொடர்பு எண்கள், கால் பதிவு, போனிலுள்ள கோப்புகளைக் கடன் ஆப் தொடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த அனுமதி கேட்கும் ஆப்பை உடனே அழித்துவிடுங்கள்.

லோன் போட்டாச்சு, ஆபரேஷன் தள்ளிப்போச்சு. இப்ப என்ன ஆகும்?

பணம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும், கடன் உங்கள் பெயரில் இருக்கும். ஆபரேஷன் நடக்காதது கடன் கொடுத்தவருக்குத் தானாகத் தெரியாது. எல்லா டிஜிட்டல் கடனுக்கும் குறைந்தது ஒரு நாள் விலகல் காலம் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கொடுத்து அபராதமில்லாமல் வெளியேறலாம். செயலாக்கக் கட்டணத்தை மட்டும், முன்பே சொல்லியிருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலம் தாண்டிவிட்டால் சிகிச்சை ரத்து என்று ஆஸ்பத்திரியிடம் எழுத்தில் வாங்கி, பணத்தைக் கடன் கொடுத்தவருக்கே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். கடன் முடிந்தது என்ற கடிதம் கைக்கு வரும் வரை தவணைத் தேதியைத் தவறவிடாதீர்கள். ஆஸ்பத்திரி அக்கவுன்ட்ஸில் ரீஃபண்ட் கோப்பு எவ்வளவு மெதுவாக நகரும் என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன். அந்த நாட்களில் தவறிய தவணைக்கு சிபிலில் அடிபடுவது நீங்கள்தான்.

லோன் எடுத்துக் கட்டிட்டு, அப்புறம் இன்சூரன்ஸ்ல ரீஇம்பர்ஸ்மென்ட் வாங்கலாமா?

வாங்கலாம். பணம் எங்கிருந்து வந்தது என்பது கம்பெனிக்குத் தேவையில்லை. பில்லும் ரசீதும் போதும். வட்டியும் செயலாக்கக் கட்டணமும் திரும்ப வராது. கிளெய்ம் வரத் தாமதமாகி முதல் இரண்டு தவணை முந்திக்கொண்டால் அதற்குப் பணம் தனியாக எடுத்துவைத்திருக்க வேண்டும். தொகை வந்ததும் கடனை முன்கூட்டியே அடைக்கக் கட்டணம் உண்டா என்று முன்பு சொன்ன முக்கிய விவர அறிக்கையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா பேருல சிகிச்சை, என் பேருல லோன். அப்பா தவறிட்டார். இன்னும் கட்டணுமா?

கட்ட வேண்டும். கடன் நோயாளியின் மேல் இல்லை, கையெழுத்துப் போட்டவர் மேல். கூட்டு விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் முழுத் தொகைக்கும் நீங்கள் பொறுப்பு, பாதிக்கு மட்டும் இல்லை. அப்பா மட்டுமே கையெழுத்துப் போட்டிருந்தால் நிலைமை வேறு: அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் வாரிசுகளிடம் கேட்க முடியும், உங்கள் சம்பளத்தைத் தொட முடியாது. கடனோடு சேர்த்து ஏதாவது ஆயுள் காப்பீடு விற்றிருக்கிறார்களா என்று பழைய தாள்களில் தேடிப் பாருங்கள். யாருடைய உயிருக்கு அது எடுக்கப்பட்டது என்பதுதான் முக்கியம்.

கட்டச் சிரமம் என்றால் முதல் தவணை தவறுவதற்கு முன்பே எழுதுங்கள், காலத்தை நீட்டித் தரச் சொல்லுங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, உறவினர்களை மிரட்டக் கூடாது. மீறினால் முதலில் கடன் கொடுத்தவரிடம் புகார். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன், தொலைபேசி 14448.

நடுராத்திரி எமர்ஜென்சி. உடனே ரெண்டு லட்சம் கட்டுங்கன்னா என்ன செய்ய?

அவசர சிகிச்சையை முதலில் தொடங்க வேண்டும். உயிர் காக்கும் சிகிச்சையை எந்த நடைமுறையும் தாமதப்படுத்தக் கூடாது என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணம் கட்டினால்தான் தொடுவோம் என்று ஆஸ்பத்திரி சொல்லக் கூடாது. சாலை விபத்து என்றால் தமிழ்நாட்டில் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இலவசம். 'இது அதில் வருகிற ஆஸ்பத்திரியா?' என்று வாசலிலேயே கேளுங்கள்.

பாலிசி இருந்தால், கம்பெனியின் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் கேட்கலாம் என்ற ஏற்பாடு 2024 ஜனவரி முதல் இருக்கிறது. அவசரம் என்றால் சேர்த்த 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், ஆஸ்பத்திரியும் ஒப்புக்கொள்ள வேண்டும். பணமாகவே கட்டுவதென்றால் யுபிஐயில் ஆஸ்பத்திரிகளுக்கு 5 லட்சம் வரை போகும், ஆனால் உங்கள் வங்கி அதைவிடக் குறைந்த வரம்பு வைத்திருக்கலாம். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் ஆஸ்பத்திரியைத் தடுக்கிறது. ஆகவே யாரும் பீரோப் பணத்தை அள்ளிக்கொண்டு ஓடிவர வேண்டாம். அந்த நேரத்தில் எந்தக் கடன் ஆப்பிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்கிற தொகையில் ஒரு பகுதியைக் கட்டி ரசீது வாங்குங்கள். காலையில் இன்சூரன்ஸ் டெஸ்க்கைத் திறந்ததும் பாலிசி எண்ணும் ஆதாரும் கொண்டு வாருங்கள்.